தலையில்லாத இஞ்சினும் இரண்டு பொட்டலங்களும்

இந்த வாரம் எழுதாமல் டிமிக்கி கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினால் வேலை முடிந்தது. அனுப்பப் போகும்போதுதான் மேலே பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னாலும் அதே காய்ச்சல்தான் அனுப்பியிருக்கிறேன்.

சோம்பல் மட்டும் காரணம் இல்லை. இந்த விஷயம் எனக்கே இன்னும் தெளியவில்லை. தெளியாததை எழுதினால் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக் கடிதம் போடுவீர்கள். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவனிடம் அர்த்தம் கேட்பது நியாயமா? நடந்ததைச் சொல்கிறேன். மீதி உங்கள் பாடு.

தே தாரிக் நிறம்

ஒரு காலை நேரம். கோலா குராவ் படகுத்துறை. தண்ணீர் வற்றி சேறு நாறிக்கொண்டிருந்தது. என் நண்பன் குணாவின் படகுக்குள் மெக்கானிக் ஆ ஹோக் தலைகீழாகக் குனிந்து, இஞ்சினில் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், நுரை தள்ளி, அசல் தே தாரிக், அதாவது நன்றாக ஆற்றிய பால் டீ நிறத்தில் இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "டவுக்கே, எனக்குச் சீனி கொறைச்சலா போடுங்க லா" என்று டீக்கடை முதலாளியிடம் கேட்பது போல ஆ ஹோக்கிடம் கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆ ஹோக் சிரிக்கவில்லை என்றால் பரவாயில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. குணாவும் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது.

குணாவும் நானும் பாரிட் புந்தாரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் படித்தான், நான் உட்கார்ந்தேன். பிறகு கிலாங் வேலையை, அதாவது தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய மரப்படகை வாங்கி, சனி ஞாயிறுகளில் தூண்டில் போட வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தான். அந்தப் படகு என்றால் அவனுக்கு உயிர். அதன் மூக்கில் தினமும் விபூதி பூசுவான். படகுக்கு நெற்றி எது என்று ஒருநாள் கேட்டுப் பத்து நிமிடம் திட்டு வாங்கினேன்.

ஆ ஹோக் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "உடம்பு வெடிச்சிருச்சி. தண்ணி எண்ணெயில கலக்குது. ஒட்டவும் முடியாது. வேற உடம்பு கொண்டு வா."

இஞ்சினுக்குத் தலை ஒன்று, உடம்பு ஒன்று. உடம்பு என்பது நாலு பெரிய குழிகள் வைத்த இரும்புப் பாறை. மற்ற சாமான் எல்லாம் அதற்குள்ளும் அதன் மேலும்தான் மாட்டும். குணாவின் இஞ்சின் நமக்கு மூத்தது. புது உடம்பு கேட்டால் சிங்கப்பூரில் விசாரிக்க வேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

எங்களிடம் மூன்று மாதம் இல்லை. இரண்டே வாரத்தில் படகுக்கு வருடாந்திர சோதனை. அன்றைக்கு இஞ்சின் ஓடாவிட்டால் ஆள் ஏற்றும் பெர்மிட் போய்விடும். திரும்பக் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும், அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. குணாவின் மச்சினன் ஈப்போவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார ஆள் தேவை என்று வருஷக்கணக்கில் வலை விரித்துக் காத்திருக்கிறார்.

"மச்சான், அந்தக் கல்லாவுல ஒக்காந்தா நான் செத்தேன்" என்றான் குணா.

"சாவ மாட்ட. குண்டாவ."

இதற்கும் அவன் சிரிக்கவில்லை.

எந்த இடது?

ஈப்போ பக்கம், மெங்லெம்புவில், பழைய இஞ்சின் வியாபாரம் செய்கிறவர்கள் நிறைய. ஜப்பானிலிருந்து கார், லோரி என்று பழைய காடிகளைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து குவித்திருப்பார்கள். மூக்கு மட்டும் இருக்கும், முதுகு இருக்காது.

ஆ ஹோக் இரண்டு அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, உடம்பில் வார்த்திருக்கிற நம்பர். இன்னொன்று, ஸ்டார்ட்டர் மாட்டும் ஓட்டை இடது பக்கம் இருக்க வேண்டும்.

நம்பரை போனில் படம் எடுத்து வைத்திருந்தோம். கடைசி இலக்கத்தைத் துரு தின்றிருந்தது. அது மூன்றா எட்டா என்று குணாவும் நானும் அவன் வேனில் தைப்பிங் தாண்டும்வரை சண்டை போட்டோம்.

முதல் கடையில் ஒரு உடம்பு கிடைத்தது. ஓட்டை இடது பக்கம். குணா சந்தோஷத்தில் அதைத் தொட்டுக் கும்பிட்டான். கடைக்காரர் அந்தப் பக்கமாக வந்து, "இது வலது லா" என்றார். நானும் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் வலதுதான்.

ஆ ஹோக்குக்கு போன் போட்டு மலாயில் கேட்டேன். "எந்த இடது? எனக்கு இடதா, இஞ்சினுக்கு இடதா?"

"இஞ்சினுக்கு."

"இஞ்சின் எந்தப் பக்கம் பார்க்குது?"

அவர் போனை வைத்துவிட்டார்.

இந்த இடது வலது எனக்குச் சின்ன வயசு வியாதி. பள்ளியில் அணிவகுப்பு நடக்கும்போது ஒரு செருப்பில் மட்டும் பேனாவால் புள்ளி வைத்திருப்பேன். புள்ளி வைத்த கால் இடது. ஒருநாள் குணா அடுத்த செருப்பிலும் புள்ளி வைத்துவிட்டான். நாற்பது பேர் ஒரு பக்கம் திரும்ப, நான் மட்டும் தலைமையாசிரியரைப் பார்த்து நின்றேன். அவனுக்கும் குறும்பு தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது சாமியார் மாதிரி இருக்கிறான்.

பக்கம் எது என்று முடிவாகாமல் அந்த உடம்பை விட்டுவிட்டு, இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி, நாலாவது கடைக்குப் போனோம். அதுதான் நசீர் பாய் கடை. பாய் ஒரு டயர் மேல் உட்கார்ந்து பிசாங் கோரேங், நம் வாழைப்பழ பஜ்ஜி மாதிரி, தின்றுகொண்டிருந்தார்.

"போட் இஞ்சினுக்கு உடம்பு வேணும் பாய்."

"போட் இஞ்சின்னு தனியா ஒன்னும் இல்ல தம்பி. அதே இஞ்சின் ரோட்டுல ஓடினா லோரி. கொட்டாயில நின்னா ஜெனரேட்டர். தண்ணில போட்டா போட்."

"ஆனா லோரி ஒடம்பு ஆவாதுன்னு மெக்கானிக் சொல்றாரே?"

"ஆவாது."

"ரெண்டும் ஒன்னுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"ஒன்னுதான். ஆனா ஆவாது. லோரிக்கு அடியில கட்டுற எடம் வேற. ஜெனரேட்டர் ஒடம்பு ஆவும்."

எனக்குத் தலை சுற்றியது. பாய் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தின்றதை நிறுத்தினார்.

"இது எட்டு. இந்த இஞ்சின் எனக்குத் தெரியும். ஒரு தோட்டத்துல ரப்பர் பால் ஸ்டோருக்குக் கரண்ட் குடுத்துக்கிட்டு இருந்திச்சி. மூடினப்ப நாந்தான் தலைய வாங்குனேன். ஒடம்பு அங்கயே கெடக்கு."

"ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"லோரில எடம் இல்ல."

குழியில் விளக்கு

பாய் சொன்ன தோட்டத்துக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலா கங்சார் போகிற சாலையில் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு காலத்தில் ரப்பர். இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் புல். பால் ஸ்டோரின் நாலு சுவர் மட்டும் நிற்கிறது. அந்தச் சுவருக்குள் புதுத் தகரக் கூரை போட்டு, சூலம் நட்டு, ஒரு கோயில்.

உள்ளே நுழைந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றோம்.

சிமெண்டு மேடை மேல் நாங்கள் தேடிவந்த இஞ்சின் உடம்பு உட்கார்ந்திருந்தது. இடுப்பில் மஞ்சள் துணி, பக்கவாட்டில் சந்தனம் குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. நாலு குழிக்குள்ளும் செங்கல்லை அடுக்கி நாலு அகல்விளக்கு வைத்திருந்தார்கள். காற்று புகாத இடம் என்பதால் சுடர் ஆடவே இல்லை. துணிக்குக் கீழே நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கடைசி இலக்கம் எட்டு.

குணா கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் ஸ்டார்ட்டர் ஓட்டை எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தேன்.

"டேய் தம்பி, சாமிக்கு இடுப்புக்குக் கீழ என்னா பாக்குற?"

திரும்பினால் துடைப்பத்தோடு ஒரு அக்கா. சாந்தியக்கா. கையுறை கிலாங்கில் சூப்பர்வைசர். அவர் அப்பா இந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இப்போது எல்லாரும் வெளியூர் போய்விட, வாரக் கடைசியில் வந்து கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

ஆயுத பூசைக்கு முதல் மாலை இந்த இஞ்சினுக்குத்தான் விழுமாம். தோட்டத்தை மூடி, மிஷின்களை விற்றபோது தலையைக் கழற்றிவிட்டார்கள். உடம்பைத் தூக்கும்போது சங்கிலி அறுந்தது. மாற்றினார்கள், மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவையும் அறுந்ததும் தூக்க வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அன்றிலிருந்து இது இஞ்சின் முனி.

"லோரில எடம் இல்லன்னு பாய் சொன்னாரே அக்கா?" என்றேன்.

"மூணு சங்கிலி அறுந்தத வெளிய சொல்லுவானா அவன்?"

யார் சொல்வது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குணா மெதுவாக விஷயத்தைச் சொன்னான். படகு, வெடிப்பு, சோதனை, மச்சினன் கடை. அக்கா விரட்டப் போகிறார் என்று நான் வேனைப் பார்த்துக்கொண்டேன். அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தார்.

"எடத்த காலியா வுடக்கூடாது. ஒங்க வெடிச்ச உடம்பு இதே நம்பர்தானே? அது இங்க வந்து ஒக்காரும்னா எனக்கு ஆட்சேபன இல்ல. ஆனா குடுக்க நான் யாரு? முனிகிட்ட பூக் கேப்போம்."

என் கைவேலை

பூக் கேட்பது தெரியாதவர்களுக்காக: ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வெளியே தெரியாமல் மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் பதில். கேட்கிறவன் பொட்டலத்தைத் தொடக்கூடாது. அக்கா எடுப்பார் என்று முடிவானது. கட்ட வேண்டியது நான்.

பாருங்கள், என்னிடம் கொடுக்கிறார்கள்.

வேனுக்குப் பின்னால் போய் நின்றேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வெள்ளை வந்தால் சம்மதம். குணாவின் முகம் ஞாபகம் வந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு படகை வைப்பதா? சிவப்பு அரளியைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். நூலைப் பிரித்தார். வெள்ளை.

நான் ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அக்கா பெருமூச்சு விட்டார். "வேணாம்னுடுச்சி தம்பி."

"வெள்ளதானே அக்கா வந்திருக்கு? வெள்ளன்னா சரின்னுதானே?"

"அது அம்மனுக்கு. இது முனி. காவக்காரன். முனிக்குச் சிவப்புதான் சம்மதம்."

குணா மேடையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேனை நோக்கி நடந்தான். நான் மற்ற பொட்டலத்தை யாரும் பிரிப்பதற்குள் எடுத்துப் பைக்குள் போட்டேன்.

லக்சா ஆறிப்போனது

கோலா கங்சாரில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தோம். குணா கரண்டியைத் தொடவில்லை.

"போட்ட வித்துடறேன் மச்சான். சாமியே சொல்லிடுச்சி. அதுக்கு மேல என்னா இருக்கு?"

"வேற எங்கயாச்சும் தேடுவோம் லா."

"கெடைச்சாலும் வேணாம். இது எனக்கு வேணாம்னு சொல்லுது."

இவன் இப்படித்தான். ஆ ஹோக் முடியாது என்றால் வாதாடுவான். சாமி முடியாது என்றால் முடிந்தது. நான் சொல்லாமல் விட்டால் படகு போகும். சொன்னால், சாமியிடம் திருட்டுத்தனம் செய்தவனோடு இருபது வருஷம் பழகினோமே என்று நினைப்பான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதற்குமே கிண்டல் வரவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

பைக்குள்ளிருந்து அந்த மற்ற பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "பிரி."

பிரித்தான். வெள்ளை. என்னைப் பார்த்தான். எழுந்து போய் வேனில் ஏறி, என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டான்.

நான் என்ன செய்வது? இரண்டு லக்சாவையும் சாப்பிட்டேன். பஸ் எங்கே நிற்கும் என்று கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது வேன் திரும்பி வந்தது.

"ஏறு."

வேன் கோயில் பக்கமாகத் திரும்பியது.

சொன்னது யார்?

சாந்தியக்கா கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் ஒப்பித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கையைக் கட்டி நின்றதில்லை.

"ரெண்டுலயும் வெள்ளையா?"

"ஆமாக்கா."

"ஏமாத்தறதுன்னு வந்துட்ட. எது சம்மதம்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா துடைப்பத்தால் ஒன்று வைத்தார். பலமாக இல்லை, ஆனால் தெளிவாக.

"இப்ப வேணாம்னு சொன்னது முனியா, நீயா?" என்று குணா கேட்டான்.

"நாந்தான்."

"ஒன்ன ரெண்டுலயும் வெள்ள வைக்கச் சொன்னது யாரு?"

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அக்கா தண்டனை கொடுத்தார்: நாலு குழியிலும் படிந்திருந்த விளக்குக் கரியை நான் துடைக்க வேண்டும், ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். கரியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். உள்சுவர் வழவழவென்று இருந்தது. இந்த முனிக்குப் பால் ஊற்றுவது வழக்கமில்லையாம். எண்ணெய் மட்டும்தான். வாரம் தவறாமல், இத்தனை வருஷமாக. துருப்பிடிக்க வழியே இல்லை.

"மறுபடி கேப்போமா?" என்றார் அக்கா. "இவன் கையால வேணாம்."

"நான் கட்டறேன்" என்றான் குணா.

"கேக்குறவன் தொடக்கூடாதே."

"நான் எடுக்கலையே அக்கா. கட்டத்தானே போறேன்."

நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அக்கா வெற்றிலையைக் கொடுத்தார். குணா வேனுக்குப் பின்னால் போனான். நான் போன நேரத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது.

அக்கா கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு.

அக்கா குலவை போட்டார். குணா அழுதான். நானும் கொஞ்சம். மற்ற பொட்டலத்தைக் குணா பக்தியோடு எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பும்போது பேராக் ஆற்றுப் பாலத்தில் வேனை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய், அதை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு வந்தான். சாமிக்குப் போட்ட பூவை மிதிபடும் இடத்தில் போடக்கூடாது என்றான். சரிதான் என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் ஆ ஹோக் கழற்றிக் கொடுத்த வெடித்த உடம்பை ஏற்றிக்கொண்டு போனோம். செம்பனைக் காட்டில் வேலை செய்யும் வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். சங்கிலி அறுபடவில்லை. மஞ்சள் துணியும் எலுமிச்சை மாலையும் புது முனிக்கு மாறின. வெடிப்பு விழுந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார் அக்கா. நாங்கள் கொண்டுபோனது முனியையா, முனி உட்கார்ந்திருந்த நாற்காலியையா என்று கேட்டேன். "நீ கேள்வி கேக்காம போனாலே முனி சந்தோஷப்படும்" என்றார்.

ஆ ஹோக் குழிக்குள் விரலை விட்டுத் துழாவி, மோந்து பார்த்தார். என்ன எண்ணெய் இது என்றார். நல்லெண்ணெய் என்றேன். இவ்வளவு சுத்தமான பழைய உடம்பை அவர் பார்த்ததில்லையாம். லேசாகத் தேய்த்து, மற்ற சாமான்களை மாட்டி, சோதனைக்கு முதல்நாள் முடித்தார். எண்ணெய்க் கம்பியை உருவினார். புது எண்ணெய், தேன் மாதிரி வந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

சோதனை அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இஞ்சினில் ஏன் சந்தன வாசனை வருகிறது என்று மட்டும் கேட்டார். மச்சினன் வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை கடலில் அந்த இஞ்சின் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கு ஒன்றுதான் ஓடுகிறது. குணா எப்போது பூவை ஆற்றில் போட ஆரம்பித்தான்? ஊர்க் கோயிலில் சாமிப் பூவைக் காதில் செருகிக்கொண்டு போகிறவன் அவன்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் அவனுக்கே செய்தி அனுப்பிக் கேட்டேன்: "ஆத்துல போட்டியே, அந்தப் பொட்டலத்துல என்னா கலர் பூ மச்சான்?"

நீல டிக் விழுந்து அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது:

"இஞ்சின் ஓடுதா இல்லியா, அத மட்டும் எழுது லா."